ஹாலில் ஒரு கண்: வீட்டுக்குள் கேமரா வைக்கும் முன்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏதாவது ஒரு கடையில் நின்று, "அண்ணா, வெளியில தெரியாத மாதிரி வீட்டுக்குள்ள வைக்க ஒரு கேமரா வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு விதமான பொருள் மேசைக்கு வரும். ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் சின்ன வைஃபை கேமரா. புத்தக அலமாரியில் வைத்தால் கண்ணை உறுத்தாது. இன்னொன்று கேமரா மாதிரியே இருக்காது. மேசைக் கடிகாரம், செல்போன் சார்ஜர், பல்பு, பேனா என்று ஏதோ ஒரு வேஷத்தில் இருக்கும். குண்டூசித் தலை அளவுத் துளைக்குப் பின்னால் லென்ஸ் உட்கார்ந்திருக்கும். வாங்க வந்தவர் இதில் எதைக் கேட்கிறார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. பல சமயம் வந்தவருக்கே தெரியாது.

இரண்டாவது வகையை முதலிலேயே ஓரம்கட்டிவிடலாம். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தவர், குளியலறை பிளக் பாயிண்ட்டில் ஹேர் டிரையரைச் செருகப்போய் உள்ளே கேமரா இருப்பதைக் கண்டுபிடித்தார். தேடியபோது வேறு இடங்களிலும் கிடைத்தன. விடுதியை நடத்தியவரே அவற்றை வைத்ததாகக் கைதானார். இப்படிப்பட்ட செயலுக்கு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு பாயும்: முதல் முறை குற்றம் உறுதியானால் 1 முதல் 3 ஆண்டுச் சிறை, மறுபடி செய்தால் 3 முதல் 7 ஆண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவும் உண்டு. அது ஆண், பெண் இருவரின் அந்தரங்கத்துக்கும் பொருந்தும். பிடிபட்டவர் வீட்டுக்குச் சொந்தக்காரரா, வாடகைக்கு விட்டவரா என்பதெல்லாம் சட்டத்துக்குப் பொருட்டில்லை.

ஆகவே 'தெரியாத கேமரா' என்று நாம் கேட்க வேண்டியது கண்ணில் குத்தாத கேமராவைத்தான். வீட்டில் இருப்பவர்களுக்கும் தினமும் வந்துபோகிறவர்களுக்கும் அது அங்கே இருப்பது தெரிந்திருக்க வேண்டும். ஒளித்துவைக்க வேண்டிய ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது கேமரா அல்ல, அது எடுத்த பதிவு. வாங்கும்போது நாம் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

வாசலுக்கு ஒன்று, உள்ளே ஒன்று

சென்னைக்கு கேமரா புதிதில்லை. ஏ.கே. விஸ்வநாதன் கமிஷனராக இருந்தபோது 'மூன்றாவது கண்' திட்டத்தில் தெருத்தெருவாகப் பொருத்தினார்கள். நடிகர் விக்ரமை வைத்து விழிப்புணர்வுக் குறும்படமும் எடுத்தார்கள். 2020இல் சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் உலகின் பெருநகரங்களை ஒப்பிட்டபோது, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராவோடு சென்னைதான் முதலிடத்தில் வந்தது. அந்தக் கேமராக்களின் பாதி வேலை, அவை கண்ணில் படுவதுதான். உங்கள் வாசல் கேமராவும் அப்படித்தான் பளிச்சென்று இருக்க வேண்டும். பார்த்தவன் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான் (அடுத்த வீட்டுக்காரர் மன்னிக்க).

உள்ளே வைப்பதன் கணக்கு வேறு. வாசல் கேமராவைத் தாண்டி ஒருவன் வந்துவிட்டான் என்றால், கண்ணில் படுகிற அடுத்த கேமராவையும் முதலில் திருப்பிவைப்பான், அல்லது பிடுங்குவான். அதனால் உள் கேமரா சிறியதாக, சுவரோடு ஒட்டிய நிறத்தில், விளக்கு மினுக்காமல் இருப்பது நல்லது. பெரும்பாலான மாடல்களில் அந்தச் சின்ன விளக்கை ஆப்பிலேயே அணைத்துவிடலாம். விருந்தினர் காபி குடிக்கும்போது தலை சுழற்றிப் பார்க்கிற பொம்மை மாதிரி ஒன்று எதிரே இருப்பதும் சங்கடம். 360 டிகிரி சுழலும் மாடல்கள் திரும்பும்போது மெல்லிய மோட்டார் சத்தமும் போடும். 110, 120 டிகிரி அகலம் பார்க்கும் நிலையான கேமரா ஒரு ஹாலுக்குப் போதும்.

எங்கே வைப்பது? மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றிய பழைய வீடுகளைக் கட்டியவர்களே இதற்கு விடை சொல்லிவிட்டார்கள்: ரேழி. வீட்டுக்குள் யார் வந்தாலும் அந்த நடையைக் கடக்காமல் கூடத்துக்குப் போக முடியாது. ஃபிளாட்டில் மெயின் டோரிலிருந்து ஹாலுக்குத் திரும்பும் மூலைதான் ரேழி. பீரோ இருக்கிற அறைக்குள் கேமரா வைக்க வேண்டாம். அந்த அறைக்குப் போகும் வழியைப் பார்த்தால் போதும். லாஃப்ட் உயரத்தில் மாட்டினால் வருகிறவரின் உச்சந்தலைதான் பதிவாகும். ஆள் உயரத்தைவிடச் சற்று மேலே, ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே வைத்தால் முகம் கிடைக்கும். ஜன்னலை நேராகப் பார்க்க வைத்தால் பகலில் எல்லோரும் கறுப்பு நிழல்தான்.

உலகின் முதல் வீட்டுப் பாதுகாப்பு கேமராவும் வாசலைத்தான் பார்த்தது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு நர்ஸ். கணவரும் அவரும் வெவ்வேறு ஷிஃப்ட். அக்கம்பக்கத்தில் குற்றம் அதிகம். போலீஸ் வருவதற்குள் விடிந்துவிடும். கதவில் மேலும் கீழுமாகத் துளைகள் வைத்து, அவற்றின் வழியே நகர்ந்து பார்க்கும் கேமரா ஒன்றை எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவரோடு சேர்ந்து வடிவமைத்தார். 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார். வீட்டுக்குள் இருப்பவர்களைப் பார்ப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை.

ராத்திரியில் ஹால் ஹால் அல்ல

மேல்நாட்டு விளம்பரங்களில் ஹால் என்றால் சோபா போட்ட பொது இடம். நம் ஊரில் அப்படியில்லை. கல்யாணத்துக்கு ஊரிலிருந்து பத்துப் பேர் வந்தால் பாய் விரிப்பது ஹாலில்தான். பிள்ளை பெற்று வந்த பெண் பகலில் சாய்வதும் அங்கேதான். காமன் பாத்ரூம் கதவு திறப்பதும் பல ஃபிளாட்டுகளில் ஹாலைப் பார்த்துத்தான். அதனால் படத்தின் தெளிவைக் கேட்பதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "லென்ஸை மூட முடியுமா?" சில மாடல்களில் லென்ஸ் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், சிலவற்றில் நேரம் குறித்துத் தானாக நிறுத்திவைக்கலாம், பாத்ரூம் கதவுப் பக்கத்தைக் கறுப்புக் கட்டமாக மறைத்துவைக்கவும் சிலவற்றில் வசதி உண்டு. மைக்கை அணைக்கும் வசதி இல்லாததை வாங்கவே வேண்டாம். திருடனைப் பிடிக்கப் படம் போதும், வீட்டுப் பேச்சு வேண்டியதில்லை.

இருட்டில் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியால். 850 நானோமீட்டர் விளக்கு என்றால் இருட்டில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 என்றால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தூரம் குறையும். ஒரு ஹாலுக்கு 940 போதுமானது. ஜன்னல் கண்ணாடி வழியே வெளியே பார்க்கவைத்தால் அந்த ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் வெளேரென்று ஆகிவிடும். அப்புறம் பல்லி. லென்ஸுக்கு முன்னால் ஒரு பல்லி நடந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் நுழைந்ததாக போன் அலறும். மனித உருவத்தை மட்டும் கண்டால் தகவல் தரும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் அறிவிப்பையே அணைத்துவைத்துவிடுவீர்கள்.

பதிவு எங்கே போகிறது?

2,000 அல்லது 3,000 ரூபாய் கேமராவில் பதிவு அதற்குள் இருக்கும் மெமரி கார்டில் தங்கும். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் சேர்ந்து போய்விடும். பதிவு சேரும் டிவிஆர் பெட்டியை டிவிக்குக் கீழே அலங்காரமாக வைப்பதும் அப்படித்தான். பெட்டியாக இருந்தால் பூட்டிய லாஃப்ட்டில் காற்றோட்டத்தோடு வையுங்கள். கார்டாக இருந்தால், ஆள் நடமாட்டம் உள்ள துண்டுகளை மட்டுமாவது நிறுவனத்தின் கிளவுடில் சேமிக்கும் சந்தாவை யோசியுங்கள்.

கார்டின் கணக்கு எளிது. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 11 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டு 11, 12 நாள் தாங்கும். படத் தரத்தைக் கூட்டி 2 மெகாபிட் ஆக்கினால் 6 நாள்தான். அதற்கப்புறம் பழையதன்மேல் புதியது பதியும். ஆறு மாதம் பேரனைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதியும்படி வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

அடுத்தது கரண்ட். கேமரா இன்வெர்ட்டரில் இருக்கும், ரவுட்டர் இருக்காது. இந்தத் தவறு பாதி வீடுகளில் இருக்கும் என்று நினைக்கிறேன். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை எந்தெந்தத் தெருவில் மின்தடை என்று மின்வாரியம் பத்திரிகையில் அறிவிக்கிறது. திருடனும் பத்திரிகை படிப்பான். பழைய வீட்டின் கனத்த சுவரைத் தாண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் உதவும். 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறையிலேயே சோர்ந்துவிடும்.

பார்ப்பது நீங்கள் மட்டும்தானா?

2025 நவம்பர் இறுதியில் தென்கொரியக் காவல்துறை, வீடுகளிலும் கடைகளிலும் இருந்த 1,20,000க்கும் மேற்பட்ட கேமராக்களுக்குள் புகுந்ததாக நான்கு பேரைக் கைதுசெய்தது. எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகளே அவர்களுக்கு வழிவிட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில் ராஜ்கோட்டின் ஒரு மகப்பேறு மருத்துவமனைக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் உலவின. திருடனே இல்லாமலும் தவறு நடக்கும்: 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வைஸ் நிறுவனத்தில் ஏற்பட்ட கோளாறால் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படங்கள் வந்தன.

இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பெயரில்லாத சார்ஜர் கேமராவில் இதைத் தேடினாலும் கிடைக்காது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றி, போனுக்கு ஓடிபி வரும் இரட்டைப் பூட்டையும் போட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் கேட்டீர்களா?

மயிலாப்பூரிலும் அடையாறிலும் உள் கேமரா வாங்குகிறவர்களில் பலர் இங்கே வசிப்பதில்லை. நியூஜெர்சியிலிருந்து பிள்ளை ஆர்டர் போடுவார். அம்மா, அப்பா ஹாலில் அது மாட்டப்படும். இங்கே நள்ளிரவு என்றால் அங்கே பட்டப்பகல், காவலுக்கு வசதிதான். ஆனால் "ஏம்மா, ராத்திரி இவ்வளவு நேரமாச்சு, இன்னும் சாப்பிடலையா?" என்று மூன்றாம் முறை போன் வந்ததும் அம்மா அதன்மேல் துண்டைப் போட்டுவிடுவார். சரியாகத்தான் செய்கிறார். கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த சகோதரர்கள் வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் சிசிடிவி இயங்குவது அந்தரங்க உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லிவிட வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. உங்கள் சமையலறை அவருக்கு ஆபீஸ். சந்தேகத்துக்காகச் சொல்லாமல் வைப்பதைவிட, சொல்லிவிட்டு வைப்பது இருவருக்கும் நல்லது. நாளை ஏதாவது காணாமல் போனால் அவர்மேல் தப்பில்லை என்று காட்டுவதும் அதே கேமராதான்.

கேமராவால் ஆகாதது ஒன்று உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் இல்லை. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் தவித்த அந்த நாள்களில் எந்த ஆப்பும் திறக்கவில்லை. 2022 மே மாதம் அமெரிக்காவிலிருந்து திரும்பிய மயிலாப்பூர் தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்ததும், போன் எடுக்கவில்லையே என்று பிள்ளைகள் இங்கிருந்த உறவினரை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னதால்தான். மாற்றுச் சாவியோடு ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது முதல் ஏற்பாடு. கேமரா அதற்கு அடுத்ததுதான்.

ஏதாவது நடந்துவிட்டால், காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அங்கே படம் சுருங்கிவிடும். கார்டை அப்படியே எடுத்துவைத்து போலீஸிடம் கொடுங்கள். பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் வேண்டும். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்பதை அதற்கு முன்பே பார்த்துவைத்திருக்க வேண்டும்.

ஏற்கனவே வீட்டில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாட்டிவிட்டுப் போன டெக்னீஷியன் அவசரத்துக்குத் தன் போன் நம்பரையோ இமெயிலையோ போட்டே கணக்குத் தொடங்கியிருப்பார். இன்று மாலை ஆப்பைத் திறந்து, உங்கள் ஹாலை யார் யாரால் பார்க்க முடிகிறது என்ற பட்டியலைப் பாருங்கள். தெரியாத எண் ஒன்று இருந்தால் உடனே நீக்கிவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.