சுருதிப் பெட்டி செய்வோர்க்கு மூன்றாவது கை

மின்கருவியால் இசையொலி எழுப்பும் கலை நம்மவர்க்கு முற்றும் புதிதன்று. 1969ஆம் ஆண்டிலேயே அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடரின் துணையோடு, மூக் என்னும் ஒலியாக்கக் கருவி நிறுவப்பெற்றது. பத்தாண்டு கழித்து, 1979இல், பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் இசைவாணருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவை ஆக்கினார். பாட்டு வகுப்புகளில் இன்று காணும் பெட்டிகள் அதன் வழிவந்தவை.

இவற்றுள் மிக எளிய வடிவமொன்றை ஆசிரியர் தம் மாணவரைக் கொண்டே செய்விக்கலாம். 1972 முதல் விற்பனையில் உள்ள 555 என்னும் சில்லு ஒன்று, மின்தடை இரண்டு, மின்தேக்கி இரண்டு, சிறிய ஒலிபெருக்கி, ஒன்பது வோல்ட் மின்கலம் ஆகியவையே வேண்டுவன. வீட்டு மின்சாரத்தை இதற்கு அறவே நாடவேண்டா.

மின்தேக்கியை ஒரு குடமாகக் கொள்க. மின்கல அழுத்தத்தில் மூன்றில் இரு பங்கு நிறைந்ததும் சில்லு அதனை வடியவிடும். ஒரு பங்காகக் குறைந்ததும் மீண்டும் நிறையவிடும். இந்நிறைதலும் வடிதலும் விரைந்து நிகழ, ஒலி பிறக்கும். 10,000 ஓம், 50,000 ஓம் மின்தடைகளோடு 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கியைச் சேர்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வு கிடைக்கும். ஆடவர் பாடும் ஒரு கட்டைச் சட்சம் அதுவே. மற்றை மின்தேக்கி ஒலிபெருக்கிக்கு வழிவிடுவது. எழும் ஒலி சற்றுக் கரகரப்பானது. தம்புராவின் நாதத்தை இதில் தேடுதல் வீண். ஆயினும் குழந்தைகள் சேர்ந்து பாடுதற்குப் போதும்.

இடர்ப்பாடு பற்றவைக்கும்போதுதான் தோன்றும். ஒரு கை சூட்டுக்கோலுக்கு, ஒரு கை ஈயக்கம்பிக்கு. உறுப்பைப் பிடிக்க மூன்றாவது கை எங்கே? துணி மாட்டும் கவ்விகள் இரண்டைப் பலகைத் துண்டொன்றில் ஆணியடித்து நிறுத்துக. குறட்டின் கைப்பிடிகளில் ரப்பர் வளையம் ஒன்றைச் சுற்றினால் அது தானே இறுகிப் பற்றும் (ரப்பருக்கு இந்நாட்டில் பஞ்சமா?). மின்தடையின் கால்களைப் பலகைக்கு அப்பால் சிறிது விரித்து வளைத்தால் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. ஈயம் நஞ்சு, வேலை முடிந்ததும் கை கழுவாமல் உண்ணலாகாது.

இவ்வளவும் செம்மையாக அமைந்தும், கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம் போன்ற பகுதியில் பெட்டி ஏமாற்றக்கூடும். அங்கே வைகறையில் பனிக்குளிர், நண்பகலில் வெயில். மலிவான பீங்கான் மின்தேக்கிகளிற் பலவற்றின் கொள்ளளவு வெப்பத்திற்கேற்ப மாறும் இயல்பினது. அது நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தாலே சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். காலையில் ஆர்மோனியத்தோடு இசைய வைத்த பெட்டி உச்சிவேளையில் அதனோடு முரணும். அதனையே நம்பிப் பாடும் பிள்ளையின் செவியன்றோ கெடும்?

இதனைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பெட்டியை ஒலிக்கவிட்டு, சூடான தேநீர் நிரம்பிய பீங்கான் கோப்பையை மின்தேக்கியின் மிக அருகில், படாதவாறு, இரண்டு நிமிடம் வைத்திருங்கள். உலோகக் குவளை கம்பியிற் பட்டுவிட்டால் மின்சுற்றுக் குலையும். ஆகவே பீங்கானே தக்கது. ஆர்மோனியத்தில் அதே சட்சத்தை அழுத்திக்கொண்டு கேளுங்கள். ஒலி தெளிவாக நகர்ந்தால் அம்மின்தேக்கியைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள பாலிபுரொப்பிலீன் மின்தேக்கி ஒன்றைப் பொருத்துக. விலையில் சில காசுகளே வேறுபாடு.