குரூப்பில் போடாத படங்கள்

லிஸ்பனிலிருந்து இஸ்தான்புல் வரை நாங்கள் ரயிலிலேயே போன படங்களைப் பார்த்துவிட்டு, ‘அடடா, என்ன ஒரு நிம்மதியான பயணம்!’ என்று பெருமூச்சு விட்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. திரையை விலக்கிக் காட்டுகிறேன். அந்த ஜன்னலோரக் காபிப் படம் நினைவிருக்கிறதா? கையில் கோப்பை, பின்னால் ஓடும் வயல், சாய்வாக விழும் வெயில். அந்தக் கோப்பையில் காபியே கிடையாது! குடித்து முடித்து அரை மணி ஆகியிருந்தது. வெயில் சரியான கோணத்துக்கு வரட்டும் என்று என் தோழி காலிக் கோப்பையை ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள். எதிர் இருக்கையில் இருந்த பாட்டியம்மா அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பாவம், இந்தப் பெண்ணிடம் இன்னொரு காபிக்குக் காசில்லை போல என்று நினைத்தாரோ என்னவோ, பையைத் துழாவி ஓர் ஆரஞ்சை எடுத்து நீட்டினார். ஆரஞ்சு படத்தில் இல்லை. தின்றுவிட்டோம்.

ரயிலில் ஏறியது நாங்கள் இரண்டு பேர்தான். பயணம் போனது ஒரு குரூப். கல்லூரித் தோழிகள், என் சித்தப்பா பையன், டொராண்டோவில் ஓர் அக்கா, சூரிச்சில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். பிறகு, யார் சேர்த்துவிட்டார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாத ஒரு சேலத்து மாமா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் லிஸ்பன் சாந்தா அப்போலோனியா ஸ்டேஷன் வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு போட்ட முதல் செல்ஃபிக்குத் தோழிகள் இதயங்களாக அனுப்பினார்கள். மாமா கேட்டது ஒரே கேள்வி: “கேஜ் என்ன?”

தேடிப் பார்த்தோம். போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் பழைய பாதைகளின் அகலம் 1,668 மில்லிமீட்டர். மாமா துள்ளிவிட்டார். “நம்ம பிராட்கேஜ் 1,676மா! வெறும் 8 மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!” ஐரோப்பாவின் பெரும்பகுதி 1,435-இல் ஓட, கண்டத்தின் மேற்கு ஓரத்தில் மட்டும் நம் சேலம் ஜங்ஷனின் ஒன்றுவிட்ட தம்பி படுத்திருக்கிறான் என்பதை எந்தப் பயண வழிகாட்டியிலும் நான் படித்ததில்லை.

அடுத்த அதிர்ச்சி மாமாவுக்கு. லிஸ்பனிலிருந்து மாட்ரிடுக்கு நேர் ரயில் இல்லை. இரண்டும் தலைநகரங்கள், பக்கத்துப் பக்கத்து நாடுகள்! இரவு ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 2020-இல் நின்றது நின்றதுதான். எந்த்ரோங்கமெந்தோவில் இறங்கி, படஹோஸில் இறங்கி, மாறி மாறிப் போக வேண்டும். படஹோஸ் வந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதித்தது. அதுவரை நான்கரை மணி நேரம் தள்ளியிருந்த சென்னை, மூன்றரை மணி நேரத்துக்கு வந்தது. ருமேனியா எல்லையைத் தாண்டினால் இரண்டரை. கிழக்கே போகப் போக அம்மாவின் ‘சாப்பிட்டியா?’ எங்கள் சாப்பாட்டு நேரத்துக்கே வர ஆரம்பித்தது.

எங்கள் வண்டியை உண்மையில் ஓட்டியது வாட்ஸ்அப்பின் ‘லைவ் லொகேஷன்’. அதில் அதிகபட்சம் 8 மணி நேரம்தான் அனுமதி. முடிந்தால் மறுபடி போட வேண்டும். போடத் தாமதமானால் மாமாவிடமிருந்து “எங்கே நிக்குது?” என்று வந்துவிடும். நாங்கள் நிற்கிறோமா, தூங்குகிறோமா என்பதில்லை, ‘அது’ நிற்கிறதா! போகப் போக எங்களுக்கே அந்த நீலப் புள்ளிமேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மாட்ரிட் அத்தோச்சா ஸ்டேஷனின் பழைய கூடத்துக்குள் தண்டவாளத்துக்குப் பதிலாக ஒரு தோட்டம் இருக்கிறது. இரும்பும் கண்ணாடியுமான கூரைக்கடியில் பனையினங்களும் வாழையிலை மாதிரி அகலமான இலைகளும் மண்டிக் கிடக்கும். படம் போனதும் சித்தப்பா பையன், “ஏய், குற்றாலத்துல இருந்துக்கிட்டு கதை விடுறீங்களா?” என்றான். அந்தக் குளத்தில் ஒரு காலத்தில் ஆமைகள் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. பயணிகள் வீட்டில் வளர்த்து அலுத்ததைக் கொண்டுவந்து விட்டுப் பெருக்கிவிட்டார்கள். 2018-இல் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இது தெரியாத டொராண்டோ அக்கா, “ஆமையைக் காட்டு, ஆமையைக் காட்டு” என்று நச்சரித்தார். கடைசியில் என் தோழி தன் முதுகுப்பையைத் தலைவரை ஏற்றிக்கொண்டு இலைகளுக்கு நடுவே குனிந்து நின்றாள். அந்தப் படம் மட்டும் பொதுவெளிக்கு வராது, சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மாட்ரிட்–பார்சிலோனா அதிவேக ரயிலில் வேகத்தைத் திரையில் காட்டுவார்கள். 300 என்று வரும் நொடியைப் பிடிக்க வேண்டும் என்பது குரூப்பின் உத்தரவு. கேட்க எளிது. 298 வரும், 301 வரும், இடையில் அடுத்த ஸ்டேஷன் பெயர் வந்து மறைக்கும். நாங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பதைப் பார்த்துப் பக்கத்து வரிசைக்காரரும் தன் போனை எடுத்துவிட்டார். அவருக்கு முதலில் கிடைத்தது! பெருந்தன்மையாக எங்களுக்கு அனுப்பியும் வைத்தார். ஆக, நீங்கள் பார்த்த ‘300’ முகம் தெரியாத ஒரு ஸ்பானியரின் உபயம்.

பிரான்ஸுக்குள் நுழைந்து பெர்பிஞ்ஞானுக்கும் நார்பான்னுக்கும் இடையே ரயில் உப்பங்கழிகளை ஒட்டிப் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். அங்கே பூநாரைகள் நிற்கும் என்று சித்தப்பா பையன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தோம். வந்தது! கத்தினேன், எடுத்தேன், அனுப்பினேன். படத்தில் இரண்டு இளஞ்சிவப்புப் புள்ளி. குரூப் இரண்டாக உடைந்தது. ஒரு கட்சிக்கு அது பறவை, எதிர்க்கட்சிக்கு அது பிளாஸ்டிக் பை. ஓட்டெடுப்பில் பிளாஸ்டிக் பை ஜெயித்தது. நேரில் பார்த்த எனக்கு ஒரே ஒரு ஓட்டுதான்!

சுவிட்சர்லாந்தில் சத்தம் அடங்கியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் முதல் ஒரே சிம் கார்டை ரோமிங் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம். சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. லிஸ்பனில் வாங்கிய எங்கள் சிம்முக்கு எல்லையோடு மூச்சு நின்றது. மாமா பதறியிருப்பார் என்று தெரியும். ஆனால் சூரிச் ஸ்டேஷனில், கூரையிலிருந்து தொங்கும் நிக்கி டி செயின்ட் ஃபாலின் அந்தக் குண்டு தேவதைச் சிலைக்கு நேர் கீழே, சூரிச் அண்ணா ஒரு கையில் இடியப்பப் பொட்டலமும் மறு கையில் ஹாட்ஸ்பாட் போட்ட போனுமாக நின்றார். “முதல்ல சாப்பிடுங்கோ பிள்ளையள், பிறகு நெட்.” அவ்வளவு நாள் எழுத்தாக மட்டும் இருந்தவர். குரல் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. சம்பல் காரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

அங்கேதான் எங்கள் பயணத்தின் மாபெரும் வெற்றிப் படம் கிடைத்தது. ஆல்ப்ஸ் மலை இல்லை, கடிகாரம்! சுவிஸ் ஸ்டேஷன் கடிகாரத்தின் சிவப்பு விநாடி முள்ளைப் பாருங்கள் என்றார் அண்ணா. ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் 1944-இல் வடிவமைத்தது. சிவப்பு முள்ளைப் பின்னால்தான் சேர்த்தார். ரயிலைக் கிளப்ப ஸ்டேஷன்காரர் தூக்கிக் காட்டும் வட்டத் தட்டு போல அதன் நுனியில் ஒரு வட்டம். அது ஒரு சுற்றை 60 விநாடிக்குக் கொஞ்சம் முன்பே முடித்துவிட்டு, உச்சியில் போய்ச் சற்று நிற்கிறது. எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே நேரத்தில் மின்துடிப்பு வருகிறது; நிமிட முள் டக்கென்று ஒரு கட்டம் தாவுகிறது; அப்புறம்தான் சிவப்பு முள் கிளம்புகிறது. வீடியோ போனது. பூநாரைக்கு மசியாத கூட்டம் இதற்கு விழுந்து புரண்டது. “இன்னொரு நிமிஷம் எடு”, “நிக்குது பாரு, நிக்குது பாரு!” கண்டம் தாண்டிக் கடிகாரம் பார்க்கிறார்கள்.

பெர்னினா எக்ஸ்பிரஸ் போகும் பாதைக்கு அண்ணா கொடுத்த உபதேசம் பொன்னானது: “பனோரமா வண்டி வேண்டாம். கண்ணாடி திறக்காது, படத்தில உங்கட முகம்தான் தெரியும். அதே தண்டவாளத்தில லோக்கல் ரயில் போகுது, அதில ஜன்னலை இறக்கலாம், வடிவாத் தெரியும்.” இறக்கினோம். லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரத்தில் வளைந்து போய் நேராக மலைப்பாறைக்குள் நுழைகிறது. தோழி தலைமுடியைப் பிடித்துக்கொள்ள, நான் அவளைப் பிடித்துக்கொள்ள, பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் எங்கள் பையைப் பிடித்துக்கொள்ள, எடுத்த படம் அது. அடுத்த நொடி இருட்டு. சுரங்கத்தில் என்ன பகிர்வது? நார்வேயின் என்.ஆர்.கே. தொலைக்காட்சி 2009-இல் பெர்கன்–ஓஸ்லோ ரயில் பயணத்தை 7 மணி நேரத்துக்கு மேல் முழுசாக ஒளிபரப்பியபோது இதே சிக்கல் வந்தது. இருட்டு வரும்போதெல்லாம் பழைய காப்பகப் படங்களைப் போட்டுச் சமாளித்தார்கள். 12 லட்சம் பேர் எட்டிப் பார்த்தார்களாம். எங்களிடம் காப்பகம் ஏது? சுரங்கத்துக்குள் நாங்கள் பாடினோம். வெளியே வந்ததும் அந்த வாய்ஸ் நோட் போகும். தயவுசெய்து யாரும் சேமித்து வைக்காதீர்கள்.

மாமாவுக்கு இங்கே இரட்டைத் தீபாவளி. பெர்னினா, மீட்டர்கேஜ்! நம் ஊட்டி ரயிலும் மீட்டர்கேஜ், இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. ஊட்டி 2005-இல் சேர்ந்தது, இது 2008-இல். ஆனால் ஊட்டி மலையில் பல்சக்கரம் உண்டு. இது பல்சக்கரமே இல்லாமல் 2,253 மீட்டர் வரை ஏறுகிறது. மாமா நம்பவில்லை. “தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு இருக்கும், நல்லா பாரு.” அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தைப் படமெடுத்து அனுப்பினோம். உலகமே பனிமலையைப் படமெடுக்க, நாங்கள் மட்டும் சரளைக்கல்லை.

இத்தாலி, வியன்னா எல்லாம் நீங்கள் பார்த்த படங்களில் எப்படியோ அப்படியேதான். அழகு, கூட்டம், விலை. சொல்ல வேறொன்றுமில்லை.

‘போனையே பார்த்துக்கொண்டிருந்தால் ஊரை எப்போது பார்ப்பாய்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியாகப் போயிருந்தால் நான் பூநாரையைத் தேடியிருக்க மாட்டேன். சிவப்பு முள் நிற்பதைக் கவனித்திருக்க மாட்டேன். கேஜ் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. என் கண் இரண்டு. குரூப்புக்கு ஏகப்பட்டது. இது ஒன்றும் புதுப் பழக்கமும் இல்லை. 1883-இல் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் முதன்முதலாக பாரிஸிலிருந்து கிளம்பியபோதே எழுத்தாளர் எட்மோன் அபூவும், லண்டன் டைம்ஸ் நிருபர் பிளோவிட்ஸும் அதில் ஏறியிருந்தார்கள். இருவரும் அடுத்த ஆண்டே புத்தகம் போட்டார்கள். அவர்கள் குரூப்புக்குப் படிக்க ஒரு வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான்! அந்த முதல் பயணத்தில் கடைசிவரை தண்டவாளம்கூட இல்லை. ஜுர்ஜூவில் இறங்கிப் படகில் டான்யூபைக் கடந்து, மறுபடி ரயிலேறி, வார்னாவில் கப்பல் பிடித்துப் போனார்கள். அதே ஜுர்ஜூவில் நாங்கள் 1954-இல் திறந்த பாலத்தின்மேல் ரயிலில் உட்கார்ந்தபடியே நதியைத் தாண்டி பல்கேரியாவுக்குள் போனோம். நடுப்பாலத்தில் சித்தப்பா பையன் வீடியோ காலில் இருந்தான், பல் தேய்த்தபடி.

சோபியாவிலிருந்து இரவு ரயில். இரண்டு பேர் படுக்கும் அறை, கை கழுவ ஒரு தொட்டி, குட்டி ஃப்ரிட்ஜ். அந்த அறைச் சுற்றுலா வீடியோவுக்குத்தான் அத்தனை இதயங்கள் வந்தன. வராத வீடியோ எது தெரியுமா? நள்ளிரவு தாண்டி துருக்கி எல்லையான கபிகுலேயில் கதவைத் தட்டி எல்லாரையும் கீழே இறக்கினார்கள். பெட்டி படுக்கையோடு வரிசை. தோழி ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் என் செருப்பு. பாஸ்போர்ட்டில் முத்திரை, அப்புறம் பெட்டிகளுக்கு ஸ்கேன். எல்லையில் படமெடுக்கக் கூடாது; ஆகவே தட்டச்சு மட்டும். எங்களுக்கு ராத்திரி 2 மணி என்றால் சேலத்தில் விடிகாலை நாலரை, மாமா காலை நடைக்குக் கிளம்பிவிட்டார். டொராண்டோவில் மாலை 7, அக்கா சமையலறையில். “வரிசை நகருதா?” “நகருது.” “எத்தனை பேர் முன்னால?” “ஆறு.” “இப்போ?” “ஆறு.” கிரிக்கெட் ஸ்கோர்கூட இவ்வளவு கேட்டதில்லை. முத்திரை விழுந்ததும் மாமா அனுப்பியது ஒரு பச்சைக்கொடி.

விடிந்ததும் ஹல்கலியில் இறங்கினோம். இஸ்தான்புல்! முடிந்தது என்று நான் தட்டச்சு செய்வதற்குள் சித்தப்பா பையன் சட்டம் பேசினான். “ஹல்கலி ஐரோப்பாதானே? ஐரோப்பாவைக் கடந்தாத்தானே கடந்த மாதிரி?” வாக்கெடுப்பு. ஒருமனதாக ஆசியா. தூக்கம் சொக்கும் கண்களோடு மர்மராய் ரயிலில் ஏறினோம். பழைய ஓரியன்ட் எக்ஸ்பிரஸின் கடைசி நிறுத்தமான சிர்கெஜிக்கு அடியாழத்தில் ஒரு நிறுத்தம், அதற்கடுத்தது உஸ்குதார். இரண்டுக்கும் நடுவே கடலுக்கடியில் போகிறது பாதை. 2013-இல் திறந்தது. சிர்கெஜியைத் தாண்டியதும் புள்ளி உறைந்துபோனது. உஸ்குதாரில் படியேறி வெளியே வந்தபோது போன் அடங்காமல் துடித்தது.

“புள்ளி கடல்ல நிக்குது!”

“நீந்துறாங்களா?”

“வந்துடுச்சு! ஆசியா! ஆசியா!”

கடைசியாக மாமா: “சரி, இங்கேருந்து சேலத்துக்கு கேஜ் என்ன?”