பட்டியல் சரிதானா?

ஓம் விதிச் சோதனையைத் தொடங்கும் முன் அம்மீட்டர், வோல்ட்மீட்டர், ரியோஸ்டாட் எல்லாம் மேசைமேல் உள்ளனவா என்று பார்க்கிறோம் அல்லவா? கணிப்பொறி நிரலை உருவாக்குவதிலும் இதே முறைதான்.

மனிதர் எழுதும் மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றக் கம்பைலரும் வேறு பல நிரல் தொகுப்புகளும் வேண்டும். 1993-இல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தில், ஒவ்வொரு மூலநிரலோடும் இத்தேவைகளின் பட்டியல் 'கன்ட்ரோல்' என்ற கோப்பில் இருக்கும். 'டிபிகேஜி-செக்பில்ட்டெப்ஸ்' என்ற கட்டளையைத் தட்டினால், அது இப்பட்டியலைக் கணிப்பொறியில் உள்ள தொகுப்புகளின் பதிவேட்டோடு ஒப்பிடும். இல்லாதவற்றையும், தேவையைவிடப் பழைய பதிப்பாக இருப்பவற்றையும் பெயர் சொல்லி அறிவிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் மௌனம்!

ஆனால், பட்டியலில் எழுத மறந்த ஒன்றை அது எப்படி அறியும்? எழுதியவரின் கணிப்பொறியில் அத்தொகுப்பு தற்செயலாக இருந்தால் அங்கே நிரல் உருவாகிவிடும், பிறரிடம் உருவாகாது. ஆகவேதான் டெபியனில், அடிப்படைத் தொகுப்புகளும் பட்டியலில் உள்ளவையும் அவற்றுக்குத் தேவையானவையும் மட்டுமே கொண்ட புதிய சூழலில் நிரலை உருவாக்கிப் பார்க்கிறார்கள்.

உங்கள் சோதனைக் குறிப்பேட்டுக்கும் இது பொருந்தும். அதைப் படித்து இன்னொருவர் அதே சோதனையைச் செய்ய முடிந்தால்தான் குறிப்பு முழுமையானது.