பின்னலைக் கண்ணால் படிக்கப் பழகுங்கள்



பிறக்கப் போகும் பேரக் குழந்தைக்குத் தொப்பி ஒன்று பின்ன ஆசைப்பட்டு, ஊசி ஒரு சோடியும் கம்பளி நூலும் வாங்கி வந்தீர்கள். பக்கத்து வீட்டு ராத்தா நிட், பேர்ல் இரண்டையும் சொல்லித் தந்துவிட்டார். கையும் ஓரளவு பழகிவிட்டது. ஆனால் பாதி வரியில் அடுப்பில் பால் பொங்க, எழுந்து ஓடுகிறீர்கள். திரும்பி வந்தால், அடுத்தது நிட்டா, பேர்லா? தெரியவில்லை. மூன்று நாள் உழைப்பை அவிழ்த்து உருட்டி வைத்துவிடுகிறீர்கள்.

என் முதல் தொப்பியை நானும் இப்படி ஐந்து தடவை அவிழ்த்தேன். நூல் பஞ்சாகிப் போனதுதான் மிச்சம். அவிழ்க்கத் தேவையே இருக்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பின்னலே காட்டிக் கொண்டிருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்கத் தெரியவில்லை.

முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். 8ஆம் இலக்க ஊசி, அதாவது 4 மில்லிமீற்றர் ஊசி போதும். நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும்; கறுப்பு நூலில், அதுவும் இரவு வெளிச்சத்தில், பழகியவர்களே தடுமாறுவார்கள். 24 கண்ணி ஏற்றுங்கள்.

இப்போது ஊசியில் இருக்கும் கண்ணியை விட்டுவிட்டு, அதற்குச் சற்றுக் கீழே பாருங்கள். ஆங்கில ‘வீ’ எழுத்துப் போல இரண்டு கால் தெரிந்தால் அது நிட். கழுத்தில் சால்வை சுற்றியது போல, குறுக்கே சிறு மேடு தெரிந்தால் அது பேர்ல். துண்டைத் திருப்பினால் ‘வீ’ இருந்த இடத்தில் மேடு இருக்கும். இரண்டும் ஒரே கண்ணியின் முன்புறமும் பின்புறமும்தான்!

எல்லா வரியும் நிட் பின்னினால் மேடு மேடாக வரும். ஒரு மேட்டுக்கு இரண்டு வரி என்று எண்ணுங்கள். ஒரு வரி நிட், ஒரு வரி பேர்ல் என்று மாற்றினால் முன்புறம் முழுதும் ‘வீ’ தான். அதன் ஓரம் சுருளும். அது உங்கள் பிழையல்ல, அந்தப் பின்னலின் குணம்.

தொப்பி விளிம்புக்கு 2 நிட், 2 பேர்ல் என்று பின்னுவோம் அல்லவா? உங்களை நோக்கியுள்ள பக்கத்தில் ‘வீ’ இருந்தால் நிட், மேடு இருந்தால் பேர்ல். நடுவரியில் விட்டுப் போயிருந்தால், உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அதை வலக் கையில் பிடியுங்கள். நான் பல தடவை மாற்றிப் பிடித்து, வந்த வழியே திரும்பிப் பின்னியிருக்கிறேன்!

‘வீ’ வரிசையில் ஒரு மேடு தப்பி விழுந்திருந்தாலும் பதற வேண்டாம். அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, பிழை வரை ஏணிப்படி போல இறக்குங்கள். பின் குரோஷே ஊசியால், ‘வீ’ தெரியும் பக்கமாக வைத்து, ஒவ்வொரு படியாக மேலே இழுத்து எடுக்கலாம்.

24 கண்ணி 26 ஆகிவிட்டதா? பெரும்பாலும் ஓரத்தில்தான் கோளாறு. வரி தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்தால், முதற் கண்ணியின் இரண்டு காலும் எழுந்து இரண்டு கண்ணி போல நிற்கும். நூலை ஊசிக்கு அடியால் பின்னே கொண்டு போங்கள். வரி முடிவில் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டே திருப்புங்கள்.

மாதிரித் துண்டை அவிழ்க்காமல் நூல் பையிலேயே வையுங்கள். தொப்பி பின்னும்போது சந்தேகம் வந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.