கடலுக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு

1964 மார்ச் மாதம் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற ஒரு கப்பலிலிருந்து 'ரேடியோ கரோலைன்' என்ற வானொலி பாடத் தொடங்கியது. அந்த நாட்களில் பிரித்தானியாவில் வானொலி என்றால் பி.பி.சி. ஒன்றுதான். இசைத்தட்டுகளை எவ்வளவு நேரம் ஒலிக்கவிடலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. இளம் ஆட்கள் கேட்க விரும்பிய பொப் பாட்டு போதிய அளவு கிடைக்கவில்லை. கப்பல் நின்ற இடம் நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே என்பதால் சட்டம் எட்டவில்லை. பிறகு வேறு கப்பல்களும் வந்தன. இவற்றைத்தான் 'கடற்கொள்ளை வானொலி' என்றார்கள். 1967 ஆகஸ்ட் 15இல் ஒரு சட்டம் அவற்றை முடக்கியது. ஆறு கிழமை கழித்து பி.பி.சி. தானே 'ரேடியோ 1' என்ற பொப் இசைச் சேவையைத் தொடங்கி, கப்பல்களில் பேசியவர்கள் பலரையே அறிவிப்பாளர்களாக எடுத்தது.

லண்டனிலிருந்து நீர்வேலிக்கு விடுமுறையில் வந்த ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர், அங்கே வயதானவர்கள் இந்தக் கப்பல்களை நினைத்து உருகுவதைச் சொல்லிச் சிரித்தார். "அண்ணை, இது எங்கட கதையல்லோ?" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அவர் ஊரைவிட்டுப் போனது 1986இல். அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் கதையில் கப்பலுக்குப் பதிலாக ஒரு தீவு. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் கொழும்பில் நிறுவிய வலுவான ஒலிபரப்புக் கருவிகள் போர் முடிந்ததும் இலங்கையிடம் வந்தன. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டுப் பிடிக்காது. அகில இந்திய வானொலியிலிருந்து அது கிட்டத்தட்ட மறைந்தே போனது. தமிழ்நாட்டு வீடுகளும் தேநீர்க் கடைகளும் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பின. 1957 ஒக்டோபரில் டெல்லி 'விவித் பாரதி'யைத் தொடங்கி அதே சினிமாப் பாட்டைப் போட்டது. பத்து வருடம் கழித்து பி.பி.சி. செய்ததும் இதையேதான். ஒரேயொரு வித்தியாசம்: இலங்கை வானொலி திருட்டு ஒலிபரப்பு அல்ல. ஓர் அரசாங்கம் மறுத்த பாட்டை இன்னோர் அரசாங்கம் விளம்பரக் காசுக்குப் போட்டது, அவ்வளவுதான்.

இதற்குக் கடலும் உதவியது. மத்திய அலை நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிப் போகும்போது மண் அதை உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீர் மின்னை நன்றாகக் கடத்தும், அதனால் கடலின் மேல் அலை அதிகம் தேயாமல் நெடுந்தூரம் போகும். இரவில் மேல்வானத்து மின்னேற்றப் படைகள் அதைத் திருப்பியும் அனுப்பும். வட கடலில் கப்பலுக்கு உதவிய அதே உப்புத் தண்ணீர்தான் பாக்கு நீரிணையிலும் உதவியது. திருச்சி நிலையம் எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுப் பேச்சுப் போலக் கேட்டது இப்படித்தான்.

அந்தச் சேவையை உயர்த்தியவை குரல்கள். எஸ்.பி. மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். 'பொங்கும் பூம்புனல்' எங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரம் காட்டிய மணிக்கூடு. பிறந்தநாள் வாழ்த்தில் அப்பா, அம்மா, அம்மம்மா, பெரியம்மா, மாமா என்று பெயர்கள் நீளும். கேட்பவருக்கு அலுப்புத்தான். ஆனால் ஊர்ப் பெயர் வரும்போது காது நிமிரும். கோப்பாய், நீர்வேலி, அச்சுவேலி என்று எங்கள் ஊர்கள் கடல் கடந்து போய்வந்தது அந்த நிகழ்ச்சியில்தான்.

எங்களுக்கென்று ஒரு பொப் இசையும் இருந்தது. எழுபதுகளில் தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர்ப் பாட்டுக்கு இடம் கூடியது. பைலாத் தாளம், கிற்றார், யாழ்ப்பாணப் பேச்சு. பக்கத்து ஊரான உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' அந்த அலையின் முன்னோடி. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' தமிழ்நாட்டையும் ஆட வைத்தது. பெரியவர்கள் இதைக் கூத்தடிப்பு என்றார்கள். கலியாண வீட்டில் அவர்களும் தாளம் போட்டதைக் கண்டிருக்கிறோம்.

1983க்குப் பிறகு கொழும்புச் செய்தியை எங்கள் சனம் நம்பவில்லை, பாட்டை மட்டும் கேட்டது. 1989இல் கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பழைய பற்றரியை வெயிலில் காயவைத்தோம், துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டோம். இரண்டு நாள் முனகிவிட்டுச் செத்துவிடும்.

அப்போதுதான் சைக்கிள் வந்தது. சைக்கிள் டைனமோ 6 வோல்ற் தரும். நாலு பற்றரி போடும் றேடியோவுக்குத் தேவையானதும் அதே 6 வோல்ற். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். பழுதான றேடியோக்களில் கழற்றிய நாலு டயோட்டைச் சதுரமாக இணைத்தால் மின் ஒரு திசைக்குத் திரும்பும். ஒரு கொள்ளளவியும் சேர்த்தால் இரைச்சல் அடங்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவன் களைத்தால் குரல் மெலியும். கசெற் என்றால் இன்னும் மோசம், ரி.எம். சௌந்தரராஜன் நித்திரை தூங்கிப் பாடுவார். எங்கள் ஒழுங்கையில் சுற்றும் முறைக்குப் பொடியள் சண்டை பிடித்ததில்லை, தப்பி ஓடத்தான் பார்த்தார்கள். சத்தத்தைக் கூட்டவும் முடியாது. பொம்பர் வரும் இரைச்சல் காதில் விழ வேண்டும்.

இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை. அதற்குக் கிழவர்களும் வந்து குந்துவார்கள். மணிலாவிலிருந்து வேரித்தாஸ். 1990இல் தொடங்கிய புலிகளின் குரல். அதன் வன்னி நிலையத்தின் மீது 2007 நவம்பர் 27இல் விமானங்கள் குண்டு வீசியதில் பணியாளர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். செய்தி முடிந்த பிறகு யாராவது முள்ளை மெதுவாகத் திருப்பித் திருச்சியில் நிறுத்துவார்கள். இரண்டு பாட்டுக்குச் சில்லு சுற்ற எப்படியோ ஓர் ஆள் கிடைக்கும். அந்த இரண்டு பாட்டும் ஆடம்பரம் என்று அன்றும் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குண்டுக்கும் பட்டியலுக்கும் அடங்காத ஏதோ ஒன்று வீட்டுக்குள் வந்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

1995 ஒக்டோபர் கடைசியில் படை நடவடிக்கை எங்கள் ஊருக்கு வந்தது. 30ஆம் திகதி இரவு வலிகாமமே மழைக்குள் தென்மராட்சிக்கு நகர்ந்தது. அரிசி, பத்திரம், பிள்ளைகள். கசெற்றை யார் எடுப்பார்? அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வாழைகள் சாய்ந்து கிடந்தன. எங்கள் கிணற்றடி வேலியில் கசெற் நாடா சிக்கிக் காற்றில் மினுங்கியது. அதில் என்ன பாட்டு இருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. அதே வருடம் ரேடியோ கரோலைனுக்குக் கரையிலிருந்தே ஒலிபரப்ப மத்திய அலையில் அனுமதி கிடைத்தது. அந்தக் கப்பல்களின் நிகழ்ச்சிகளை அங்கே நேயர்கள் நாடாவில் பதிந்து பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். கே.எஸ். ராஜாவின் குரலாக நான் இன்று இணையத்தில் கேட்பதும் கரகரப்போடு வரும் இப்படியான பதிவுகளே. எங்கள் பக்கத்துப் பெட்டிகளோ ஐந்தாறு இடப்பெயர்வில் போய்விட்டன.

மிஞ்சியவை இருக்கும். வெளிநாட்டுக்கு அப்போது அனுப்பிய கசெற்றுகள், பரணில் கிடக்கும் சப்பாத்துப் பெட்டி. அப்படி ஒன்று கிடைத்தால் உடனே போட்டுக் கேட்க வேண்டாம். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் ஒரு ஓட்டத்திலேயே அறுந்துவிடும். ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். கசெற்றின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்ரிக் துண்டுகளையும் உடைத்துவிட்டால் தவறிக்கூட அழித்துப் பதிய முடியாது. பிறகு விசயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு கணினிக்கு மாற்றுங்கள். நூலகம் நிறுவனம் போன்றவை ஒலி ஆவணங்களையும் சேர்க்கின்றன. பாட்டுக்கு நடுவில் யாரோ இருமுவதும் சில்லுச் சத்தமும் கேட்டால் வெட்டாமல் கொடுங்கள்.