கிட் பீரிலிருந்து ‘ஆல் கிரெய்ன்’... ஒரு பாத்திரம், ஒரு துணிப்பை போதுமா? வல்லத்திராக்கோட்டையில் செய்யலாமா?

‘ஒரே பாத்திரத்தில் வீட்டிலேயே பீர்’ என்று வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊர்லயும் செய்யலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. வேலைக்காக சிங்கப்பூர் போனவர் அங்கே தன் வீட்டில் செய்யலாம். அதையே புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் செய்தால் குற்றம். ஆனா, இதில் பாதி வேலை நம்ம அடுப்படிக்குப் பழசுதான். எப்படின்னு பார்ப்போம்.

எக்ஸ்ட்ராக்ட்னா என்ன?

பார்லியை முளைகட்டி உலர்த்தினால் அது மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி, ‘வோர்ட்’ என்ற இனிப்பு நீர் கிடைக்கும். இதை ஃபேக்டரியிலேயே சுண்டக் காய்ச்சி பாகாகவோ பவுடராகவோ விற்பதுதான் எக்ஸ்ட்ராக்ட். வாங்கி, தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் போதும். இன்ஸ்டன்ட் காபி மாதிரி.

ஆல் கிரெய்னில் என்ன மாறுது?

ஃபேக்டரி செய்த அந்த வேலையை நாமே செய்கிறோம். அதற்குப் பெயர் ‘மேஷ்’. உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், அதிலுள்ள அமிலேஸ் என்சைம்கள் மாவுச்சத்தை உடைக்கும். 65-ஐ ஒட்டி வைத்தால் ஈஸ்ட் சாப்பிடக்கூடிய சர்க்கரை அதிகம். பீர் லேசாக இருக்கும். 68-ஐ ஒட்டினால் கொஞ்சம் கெட்டியான சுவை. 78-ஐத் தாண்டினால் என்சைம் செத்துவிடும். ஆக, இங்கே விலை உயர்ந்த மெஷினை விட முக்கியம் ஒரு நல்ல தெர்மாமீட்டர்.

குறைந்த சாமானில் எப்படி?

ஆஸ்திரேலியாவில் பிரபலமான ‘ப்ரூ இன் எ பேக்’ முறை இதற்குத்தான். 10 லிட்டர் பீருக்குச் சுமார் 2.2 கிலோ மால்ட், 14 முதல் 15 லிட்டர் தண்ணீர், ஒரு 20 லிட்டர் பாத்திரம், ஒரு வலைத்துணிப் பை. பையில் மால்ட்டைப் போட்டு ஊறவைத்து, பாத்திரத்தைப் போர்வையால் சுற்றிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கி வடியவிட்டு, மீதி நீரை ஹாப்ஸ் சேர்த்து இன்னொரு மணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். பிறகு ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் ஆறவைத்து, 20 டிகிரியை ஒட்டி ஈஸ்ட்.

அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லையா? ஒரு கிலோ மால்ட்டை மட்டும் சின்னப் பாத்திரத்தில் மேஷ் செய்து, மீதிக்கு எக்ஸ்ட்ராக்ட் பவுடர் சேர்க்கலாம். இது ‘பார்ஷியல் மேஷ்’. முதல் முறை தாவுகிறவர்களுக்கு இதுதான் பாதுகாப்பான நடுப்படி.

சட்டம் என்ன சொல்லுது?

பிரிட்டனில் 1963-லேயே வீட்டு பீருக்கான லைசென்ஸ் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-ல் மத்திய அரசு அனுமதித்தது. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர், சொந்த உபயோகத்துக்கு, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை தயாரிக்கலாம். விற்கக் கூடாது, வடித்து சாராயமாக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ‘எனக்கு மட்டும்தான்’ என்ற விலக்கு இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த பிறகு தண்டனைகள் இன்னும் கடுமையாகின. ஆன்லைனில் ஈஸ்ட் கிடைக்கிறது என்பதால் பீர் தயாரிப்பது சட்டப்பூர்வம் ஆகிவிடாது.

அப்போ ஊரில் இருப்பவருக்கு?

மேஷ் வரைக்கும் தடையில்லை. கெட்டியான கேழ்வரகுக் கஞ்சியை 65 டிகிரிக்கு ஆறவிட்டு, முளைகட்டிக் காயவைத்த (வறுக்காத) கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் கலந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கஞ்சி நீர்த்துப்போய், லேசாக இனிக்கும். அதே அமிலேஸ்தான்! குழந்தைக்கு முளைகட்டிய மாவில் கஞ்சி காய்ச்சுவதன் பின்னால் இருப்பதும் இதே அறிவியல். வறுத்த மாவில் என்சைம் இருக்காது என்பதால் இது நடக்காது. குடிப்பதற்கு முன் ஒரு கொதி விடுங்கள்.

ஈஸ்ட் சேரும் இடத்தில்தான் கஞ்சிக்கும் பீருக்கும் வழி பிரிகிறது. இங்கே சட்டமும் அதே இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது.