சர்க்கரைப் பொங்கலுக்குப் பிறகு பதினைந்து நிமிடம்

கூடுவாஞ்சேரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பொங்கல் லீவு. பிள்ளைகள் இரண்டும் வீட்டில். அடுப்படியை விட்டு நகர முடிவதில்லை. கையில் கட்டியிருக்கும் வாட்ச் தினமும் பத்தாயிரம் ஸ்டெப் கேட்கிறது. காலையில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் நடக்க வழியே இல்லை. சாப்பாடு முடிந்ததும் மாடியிலோ தெருவிலோ கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால் கணக்கில் வருமா? எனக்குச் சர்க்கரை பார்டரில் இருக்கிறது."

வரும். சர்க்கரையைப் பொறுத்தவரை காலை நடையைவிட நன்றாகவே வரலாம். முதலில் அந்தப் பத்தாயிரத்தை ஒரு கை பார்த்துவிடுவோம்.

அது ஆய்வகத்தில் பிறந்த எண் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த ஆண்டு, 1965-ல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணி ஒன்றை விற்பனைக்கு விட்டது. 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி என்று பெயரும் வைத்தது. பெயர் எடுபட்டது, எண்ணும் நிலைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கிலோமீட்டர் பாதையும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. சராசரி வயது 72 கொண்ட சுமார் 16,700 அமெரிக்கப் பெண்களை ஐ-மின் லீ குழுவினர் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட முடிவில், நாளுக்கு 4,400 அடிக்கே இறப்பு அபாயம் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. 2025-ல் வந்த தொகுப்பாய்வும் 7,000 பக்கமே கை காட்டுகிறது. எண்ணை விடுங்கள். எப்போது நடக்கிறோம் என்பதில்தான் ருசி இருக்கிறது.

ஒரு பெரியவரின் உடலில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில், வெறும் வயிற்றில், கரைந்திருக்கும் மொத்த குளுக்கோஸ் ஏறத்தாழ ஐந்தே கிராம். ஒரு டீஸ்பூன். ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் அதைப்போலப் பல மடங்கைக் கொண்டுவந்து இறக்குகிறது: அரிசி மாவுச்சத்து முழுக்கக் குளுக்கோஸ், வெல்லத்தில் ஏறத்தாழ பாதி. இவ்வளவும் ஒரு டீஸ்பூன் கணக்குள்ள குழாய்க்குள் வந்து விழுந்தால், யாராவது அள்ளிக்கொண்டு போயாக வேண்டும். பெரும்பங்கை அள்ளுவது தசை.

பொங்கலுக்கு முந்தைய இரவில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை எளிது. முண்டியடிக்கும் கூட்டம்தான் குளுக்கோஸ். தசைச் செல்லுக்குள் சின்னச் சின்னக் குமிழ்களில் 'குளூட்-4' என்ற புரதம் சும்மா கிடக்கிறது. டிப்போவில் நிற்கும் சிறப்புப் பேருந்துகள் என்று வையுங்கள். கூட்டம் சேர்ந்ததும் பேருந்து நிலையத்திலிருந்து டிப்போவுக்கு ஒரு போன் போகிறது. அந்த போன்தான் கணையம் அனுப்பும் இன்சுலின். எடுத்தவுடன் வண்டிகள் கிளம்பினால் சர்க்கரை பிரச்சினையே இல்லை. 'பார்டரில்' இருப்பவர்களுக்கு மணி அடிக்கிறது, டிப்போவில் யாரும் சட்டென்று எடுப்பதில்லை. கணையம் திரும்பத் திரும்ப அழைக்கிறது. ஒரு கட்டத்தில் அதுவும் ஓய்ந்துபோகிறது.

என்னைச் சொக்கவைப்பது இனிமேல் நடப்பது. நடக்கும்போது டிப்போ போனுக்குக் காத்திருப்பதில்லை. தசை சுருங்க வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் வெளிப்பட வேண்டும். எரிசக்தி செலவாவதை ஏ.எம்.பி.கே. என்ற நொதி மோப்பம் பிடிக்கிறது. இப்படி உள்ளுக்குள்ளேயே வேறு மணிகள் அடிக்க, இன்சுலினின் தயவில்லாமலே வண்டிகள் வெளியே வருகின்றன. போன் லைன் பழுதானவர்களிடமும் இந்த மணிகள் பெரும்பாலும் வேலை செய்கின்றன. அதுதான் விசேஷம்.

உவமை இங்கே சற்று நொண்டும். இந்த வண்டி பயணியை ஏற்றிக்கொண்டு எங்கும் போவதில்லை. செல்லின் சுற்றுச்சுவரில் போய் ஒட்டி, தானே ஒரு வாசலாகிவிடுகிறது. குளுக்கோஸ் அதன் வழியே உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் அதன்மேல் ஒரு பாஸ்பேட் முத்திரை விழும். முத்திரை விழுந்தவர் அந்த வாசலில் திரும்ப முடியாது. நடை நின்ற பின் வாசல்கள் மெல்லக் கழன்று மீண்டும் வண்டிகளாகி டிப்போவுக்குத் திரும்புகின்றன. ஆனால் நன்றாக வேலை செய்த தசை, அடுத்த பல மணி நேரத்துக்கு, சில சமயம் மறுநாள் வரைக்கும், இன்சுலினின் போனையும் சுறுசுறுப்பாக எடுக்கிறது.

எந்தத் தசை வேலை செய்ததோ அதற்கு மட்டுமே இந்தச் சலுகை. கோபன்ஹேகனில் எரிக் ரிக்டர் குழுவினர் 1980-களில் ஒற்றைக் காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு இன்சுலின் செலுத்தியபோது, உழைத்த கால் சும்மா இருந்த காலைவிட அதிகக் குளுக்கோஸை இழுத்துக்கொண்டது. ஒரே உடல், ஒரே ரத்தம்! அடுப்படியில் நாள் முழுக்க நின்று கிண்டினாலும் தொடைக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

ஆக, குளுக்கோஸ் ஏறும் நேரத்தில் கால் ஓட வேண்டும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் அது உச்சம் தொடும். 2013-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு, மூன்று வேளையும் உணவுக்குப் பின் 15 நிமிட நடையை, ஒரே மூச்சான 45 நிமிட நடையோடு ஒப்பிட்டது. இரவு உணவுக்குப் பிந்தைய சர்க்கரையை அடக்குவதில் துண்டு நடைதான் ஜெயித்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் பத்தே பேர், எல்லோரும் முதியவர்கள். இதை வைத்து 'அற்புத நடை' என்று வீடியோ போடுகிறவர்களிடம் அந்தப் பத்தைக் கேளுங்கள். கனமான சான்று வேண்டுமென்றால் சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், பார்டரில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டு தொடர்ந்தார்கள். வெறும் அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது; உணவும் நடையும் திருத்தியவர்களில் 39 சதவீதம். குறைந்ததே தவிர ஒழிந்துவிடவில்லை.

பண்டிகையோடு வரும் சில கதைகளையும் பார்த்துவிடலாம். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதைப் போட்டாலும் பொங்கல் பொங்கல்தான். டிப்போவுக்கு நிறம் தெரியாது. 'உண்டபின் குறுநடை' என்று சித்த மருத்துவம் சொன்னது உண்மை. அதற்காக முன்னோர்கள் குளூட்-4-ஐ அறிந்திருந்தார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்ப வேண்டியதில்லை. வாட்ச் காட்டும் கலோரியும் அப்படியே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தது; இருப்பதிலேயே நல்லதுகூட 27 சதவீதம் தப்பாகச் சொன்னது. அதைப் பார்த்து இன்னொரு வடை எடுக்காதீர்கள். 2025 பொங்கலுக்கு ரேஷனில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு என்று பரிசுத் தொகுப்பு தந்த அதே அரசுதான் 8 கிலோமீட்டர் நடக்கவும் சொன்னது என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டும் ஒரே கோப்பில் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வாசகிக்கு என் யோசனை: அக்கம்பக்கத்துக்குப் பொங்கல் கொடுத்துவிடும் வேலையைப் பிள்ளைகளை ஸ்கூட்டியில் அனுப்பி முடிக்காதீர்கள். சாப்பிட்டு எழுந்ததும் தூக்குவாளியை நீங்களே எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, நந்திவரம் பக்கத் தெருக்களில் நாலு வீடு ஏறி இறங்கி வாருங்கள். மாடிப்படி இருந்தால் இன்னும் நல்லது, தொடைத் தசைக்கு வேலை கூடும். போகிற வீட்டில் பதில் கிண்ணம் நீட்டுவார்கள். வாங்கி வாருங்கள், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஊருக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் அடைத்துக்கொண்டிருக்கும் அந்த வாரத்தில் அங்கே நடப்பது எந்தத் தசைக்கும் நல்லதில்லை.

வீட்டில் யாராவது இன்சுலின் ஊசியோ, கணையத்தை உசுப்பும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவர்களுக்குப் போனும் அடிக்கும், உள்மணியும் அடிக்கும். சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். நடையைக் கூட்டுவதற்கு முன் அளவைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடக்கும்போது சட்டைப்பையில் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும்.